இரண்டு லட்சத்தில் ஒரு வீடியோ கேமரா: அந்தமான் கணக்கு

அந்தமானில் வீடியோ வேலை பார்ப்பவருக்கு முதல் சிக்கல் சூரியன்தான். தீவுகள் ஏறத்தாழ 93 டிகிரி கிழக்கில் கிடக்கின்றன. கடிகாரம் மட்டும் டெல்லிக்கும் சென்னைக்கும் உள்ள அதே இந்திய நேரம். அதனால் நவம்பரில் மாலை ஐந்து மணி ஆகும் முன்பே பொழுது சாய்ந்துவிடும். சென்னையில் அதே நாளில் ஐந்தரை வரை வெயில் இருக்கும். மாப்பிள்ளை அழைப்பு, பள்ளி ஆண்டு விழா, கோயில் புறப்பாடு என்று தமிழர் வீட்டு நிகழ்ச்சிகளில் பாதி மாலையில் நடப்பவை. சென்னையில் பகல் வெளிச்சத்தில் எடுக்கும் அதே நிகழ்ச்சியை இங்கே டியூப் லைட்டிலும் சீரியல் பல்பிலும் எடுக்க வேண்டும்.

இன்னொரு சிக்கல் கடல் காற்று. மூன்றாவது, கேமரா கெட்டால் பழுது பார்க்க அதே கடலைத் தாண்ட வேண்டியிருப்பது. இந்த மூன்றையும் கணக்கில் எடுக்காமல், பெருநகரத்துக் கடைக்காரரோ யூடியூப் விமர்சகரோ சொல்லும் மாடலை அப்படியே வாங்கினால் பணம் சரியான இடத்துக்குப் போகாது.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தீவுகளில் சுமார் 15 விழுக்காட்டினர் தமிழைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள். ஸ்ரீ விஜயபுரத்தில், 2024 செப்டம்பர் வரை போர்ட் பிளேர் என்று இருந்த ஊரில், வெற்றிமலை முருகன் கோயிலின் பங்குனி உத்திரத்துக்குக் காவடிக் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு இங்கே வீடியோ வேலைக்குப் பஞ்சமில்லை என்பது தெரியும். அப்படியொரு வேலையைத் தொடங்குபவரையோ, பழைய கேமராவை மாற்ற நினைக்கும் ஸ்டூடியோக்காரரையோ மனதில் வைத்து எழுதுகிறேன். கையில் இரண்டு லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம்.

இந்தக் காலத்தில் கேம்கார்டர் எதற்கு, மிரர்லெஸ் போதாதா என்று முதலில் யாராவது கேட்பார்கள். நியாயமான கேள்விதான். பெண் அழைப்பில் பின்னணி மங்கி முகம் மட்டும் துலங்கும் அந்தச் சினிமாத் தோற்றம் மிரர்லெஸ்ஸில்தான் எளிதில் கிடைக்கும். ஆனால் மூன்று மணி நேர அரங்கேற்றத்தை நிறுத்தாமல் எடுக்கச் சொல்லிப் பாருங்கள். பழைய மிரர்லெஸ் கேமராக்கள் பல அரை மணிக்கு ஒரு முறை தானாக நின்றுவிடும். சில, புழுக்கத்தில் சூடேறி அணைந்துவிடும். அந்த 29 நிமிடம் 59 நொடி வரம்புக்குக் காரணம் பெரும்பாலும் ஐரோப்பியச் சுங்க வரி. அரை மணி தொடர்ந்து பதிவு செய்தால் அது வீடியோ கேமரா, அதற்குத் தனி வரி என்ற விதி இருந்தது. புகைப்படக் கேமரா என்ற கணக்கிலேயே இருக்கட்டும் என்று கம்பெனிகள் வரம்பை வைத்தன. கேம்கார்டருக்கு அந்தத் தொல்லை இல்லை. கார்டும் கரண்டும் உள்ளவரை ஓடும். மோட்டார் ஜூம், தொழில்முறை மைக் சாக்கெட், வெயிலை வடிகட்டும் கண்ணாடி எல்லாம் பெரும்பாலும் உடம்போடு சேர்ந்தே வரும். லென்ஸைக் கழற்றி மாற்றும் வேலை இல்லாததால் உப்புக் காற்று சென்சார் வரை போகும் வழியும் குறைவு. தீவில் இது சின்ன லாபமல்ல.

சரி, வெளிச்சத்துக்கு வருவோம். கடையில் முதலில் காதில் விழுவது “ஒரு இன்ச் சென்சார் சார்” என்பதுதான். சென்சார் என்பது ஒளி விழும் சில்லு. பெரிதாக இருந்தால் அதிக ஒளியை வாங்கும், இரவில் படம் புள்ளி புள்ளியாக நெளியாது. ஒரு இன்ச் என்று பெயரே தவிர அதன் உண்மை அளவு 13.2-க்கு 8.8 மில்லிமீட்டர், அதாவது சுமார் 116 சதுர மில்லிமீட்டர். அதைவிடச் சின்னது 1/2.3 இன்ச் சென்சார். சுமார் 28 சதுர மில்லிமீட்டர். நான்கு மடங்கு வித்தியாசம். இது வரை கடைக்காரர் சொல்வது சரி.

அவர் சொல்லாமல் விடுவது லென்ஸ். கேனனின் எக்ஸ்ஏ50-க்கு ஒரு இன்ச் சென்சார், லென்ஸ் எஃப்2.8-இல் தொடங்குகிறது. அதன் தம்பி எக்ஸ்ஏ40-க்கு 1/2.3 இன்ச் சென்சார், லென்ஸ் எஃப்1.8-இல் தொடங்குகிறது. எஃப் எண் குறையக் குறைய லென்ஸ் திறந்து அதிக ஒளியை விடும். கணக்கு அந்த எண்ணின் வர்க்கத்தில் போகும். எஃப்1.8 லென்ஸ் எஃப்2.8 லென்ஸைவிட 2.4 மடங்கு ஒளியை விடுகிறது. நான்கைக் கிட்டத்தட்ட இரண்டரையால் வகுத்துப் பாருங்கள். பெரிய சென்சாருக்கு மிஞ்சும் நிகர லாபம் இரண்டு மடங்குக்கும் கீழே. முழுக்க ஜூம் செய்த நிலையிலும் ஏறக்குறைய இதே விகிதம்தான்: அங்கே எஃப்4.5, இங்கே எஃப்2.8. ஆக ஒரு இன்ச் நல்லதுதான், பணம் இருந்தால் எடுங்கள். நான்கு மடங்கு நல்லது என்று நம்பி மைக்குக்கு வைத்த காசையும் அதில் போட்டுவிடாதீர்கள்.

இதை ஒட்டி ஒரு பக்கக் கதை. நம் ஊர்க் கல்யாணங்களில் தோளில் வைக்கும் பெரிய கேமராவுக்குத் தனி மரியாதை உண்டு. அது இல்லாமல் வந்தால் பெண் வீட்டார் முகம் சுளிப்பார்கள். சோனியின் எச்எக்ஸ்ஆர்-எம்சி2500 ஊர் ஊராக ஓடியதற்கு அந்த உருவமும் ஒரு காரணம். அத்தனை பெரிய உடம்புக்குள் இருப்பது 1/4 இன்ச் சென்சார். பகலிலும், நல்ல விளக்கு போட்ட மண்டபத்திலும் அது சளைக்காமல் உழைக்கும். மங்கிய வெளிச்சத்தில் திணறும். கேமராவைப் பார்த்து மதிப்பவர்கள் கல்யாணத்தன்று மதிப்பார்கள். வீடியோவைப் பார்ப்பவர்கள் முப்பது வருடம் பார்ப்பார்கள். யாருக்காக வாங்குகிறோம் என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள்.

பகலில் சிக்கல் நேர்மாறு. ராதாநகர் கடற்கரையின் வெள்ளை மணலில் உச்சி வெயிலில் நிற்கும்போது ஒளி மிதமிஞ்சிப் போகிறது. லென்ஸின் துளையைச் சுருக்கிக்கொண்டே போனால் ஓர் எல்லைக்கு மேல் படமே சொதசொதவென்று கூர்மை இழக்கும். அதற்குத்தான் என்டி ஃபில்டர், லென்ஸுக்குள்ளேயே இறங்கும் கறுப்புக் கண்ணாடி. 1/4, 1/16, 1/64 என்று மூன்று படி இருக்கும் கேமராவாகப் பாருங்கள். இந்த ஒன்று இல்லாத கேமராவைத் தீவுக்கு வாங்கவே கூடாது என்பது என் கட்சி.

ஒலியில்தான் பெரும்பாலான உள்ளூர் வீடியோக்கள் கோட்டை விடுகின்றன. படம் கொஞ்சம் மங்கினால் பார்ப்பவர் பொறுத்துக்கொள்வார். தாலி கட்டும் நேரத்தில் மேளம் கரகரவென்று உடைந்தால் ஒலியை அணைத்துவிட்டுத்தான் பார்ப்பார். தவிலும் நாதஸ்வரமும் கெட்டிமேளத்தில் எழுப்பும் சத்தம் கேமராவின் வழக்கமான பதிவு அளவைத் தாண்டிப் போகும். கேமராவைத் தானியங்கியில் விட்டால் மேளம் எழும்போது ஒலியளவைச் சட்டென்று அமுக்கும், ஓய்ந்ததும் மெல்ல ஏற்றும். ஐயர் மந்திரம் அந்த இடைவெளியில் காணாமல் போகும். இதற்கு வழி எக்ஸ்எல்ஆர் என்ற தொழில்முறை மைக் சாக்கெட் இரண்டும், இரண்டு தடத்துக்கும் தனித்தனியாகத் திருகும் குமிழும் உள்ள கேமரா. ஒரே மைக்கை இரண்டு தடத்துக்கும் அனுப்பி, ஒன்றை வழக்கமான அளவிலும் மற்றதைப் பத்து டெசிபல் தாழ்த்தியும் வைத்துவிடுங்கள். முதல் தடம் உடையும் இடத்தில் இரண்டாவது கைகொடுக்கும். எடிட்டிங்கில் ஐந்து நிமிட வேலை.

மேடை நிகழ்ச்சியானால் ஆடியோக்காரரின் மிக்சரிலிருந்து நேராக ஒரு வயர் வாங்கிக்கொள்ளலாம். வாங்கியதும் கேமராவில் அந்தத் தடத்தை ‘மைக்’ என்பதிலிருந்து ‘லைன்’ என்பதற்கு மாற்ற வேண்டும். மிக்சரிலிருந்து வருவது மைக் தரும் மின்னழுத்தத்தைவிடப் பல மடங்கு வலுவானது. மாற்றாவிட்டால் முழு நிகழ்ச்சியும் இரைச்சல்தான். 48 வோல்ட் சுவிட்சை அப்போது அணைத்து வையுங்கள், அது சில வகை மைக்குகளுக்குக் கேமராவே மின்சாரம் கொடுக்கும் வசதி. கடற்கரைக்கு இன்னொரு சாமான் வேண்டும்: மைக்குக்கு மாட்டும் முடி உறை. பஞ்சு உறை மண்டபத்துக்குப் போதும், கடல் காற்றுக்குப் போதாது.

விலை குறைந்த மாடல்களில் ஒரு தந்திரம் உண்டு. எக்ஸ்எல்ஆர் சாக்கெட்டுகள் மேல் கைப்பிடியில் இருக்கும். அந்தக் கைப்பிடி தனி விலை. பானசோனிக்கின் ஹெச்சி-எக்ஸ்1500 அப்படித்தான் வருகிறது. அதன் அண்ணன் எக்ஸ்2000-க்குக் கைப்பிடி பெட்டியிலேயே இருக்கும். விலையை ஒப்பிடும்போது கைப்பிடியையும் சேர்த்து ஒப்பிடுங்கள்.

ஜூமைப் பற்றிப் பெட்டியில் 12 மடங்கு, 24 மடங்கு என்று போட்டிருப்பதைவிட, உங்கள் மண்டபத்தின் நீளம்தான் முக்கியம். சோனி பிஎக்ஸ்டபிள்யூ-இசட்90-இன் 12 மடங்கு ஜூமை முழுக்க இழுத்தால், 25 மீட்டர் தள்ளி இருக்கும் மேடையில் இரண்டரை மீட்டர் அகலம் சட்டத்துக்குள் வரும். ஆடும் பெண் கிட்டத்தட்ட முழுதாகத் தெரிவாள், கண்ணசைவு தெரியாது. எக்ஸ்2000-இன் 24 மடங்கில் அதே இடத்திலிருந்து ஒன்றரை மீட்டர். பள்ளி ஆண்டு விழாவும் மாதா கோயில் கூட்டமும் அதிகம் எடுப்பவருக்கு இந்த வித்தியாசம் பெரிது. வீட்டுக்குள் நலங்கு எடுப்பவருக்கு மறுமுனைதான் முக்கியம், எவ்வளவு விரிவாகத் தெரிகிறது என்பது. 25 மில்லிமீட்டரில் தொடங்கும் லென்ஸ் 29-இல் தொடங்குவதைவிடச் சின்ன அறையில் நிம்மதி.

தானியங்கி ஃபோகஸ் இப்போது எல்லாவற்றிலும் உண்டு. ஹோமப் புகைக்கு நடுவே எது தடுமாறுகிறது என்பதுதான் சோதனை. இசட்90-இலும் கேனனின் டூயல் பிக்சல் மாடல்களிலும் இருக்கும் பேஸ் டிடெக்ட் முறை பொதுவாக நிதானமானது. மற்றவை புகையில் முன்னும் பின்னும் தேடும். அப்போது கையால் பிடித்து நிறுத்தப் பழகியிருக்க வேண்டும்.

4கே வேண்டுமா? வாடிக்கையாளர் பென் டிரைவில் வாங்கிப் போவது எச்டி. ஆனாலும் 4கே-இல் எடுத்துவிட்டு எடிட்டிங்கில் பாதியை வெட்டி எடுத்தால், ஒரே கேமராவில் இரண்டு கோணம் எடுத்த மாதிரி காட்டலாம். தனியாளாக வேலை செய்பவருக்கு இது உதவும். விலை கார்டில் தெரியும். 100 எம்பிபிஎஸ் வேகத்தில் 4கே பதிவு செய்தால் மணிக்கு 45 ஜிபி. ஐந்து மணி நேரக் கல்யாணம் 225 ஜிபி. 64 ஜிபி கார்டு ஒன்றேகால் மணியைக் கொஞ்சம் தாண்டி நிரம்பிவிடும். 50 எம்பிபிஎஸ் எச்டியில் இதில் பாதி. உங்கள் கம்ப்யூட்டர் பழையதானால் 4கே-யை இப்போதைக்கு மறந்துவிடலாம், குறைந்துபோவது ஒன்றும் இல்லை.

இரண்டு கார்டு துளை மட்டும் கட்டாயம். இரண்டிலும் ஒரே நேரத்தில் பதிவாகும்படி வைத்துக்கொண்டால் ஒரு கார்டு செத்தாலும் கல்யாணம் பிழைக்கும். கார்டில் வி30 என்ற குறி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

வெளிநாட்டிலிருந்து உறவினர் வாங்கி வருவதாகச் சொன்னால் ஒரு நிமிடம் யோசியுங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அமெரிக்காவில் விற்கும் வீட்டுக் கேமராக்கள் பல 60-க்கு மட்டுமே எடுக்கும். அதை இங்கே டியூப் லைட்டின் கீழ் வைத்தால் படம் துடிக்கும். தொழில்முறை மாடல்கள் பெரும்பாலும் இரண்டுக்கும் மாறும். 50-இல் வைத்து ஷட்டரை 1/50-இல் நிறுத்தினால் துடிப்பு அடங்கும். டீசல் ஜெனரேட்டரில் ஓடும் தீவுகளில் சில நேரம் அந்த 50-உம் ஆடும், எல்ஈடி திரையோ தன் போக்கில் துடிக்கும். ஷட்டரை நூலளவு நகர்த்திச் சரிசெய்யும் வசதி மெனுவில் இருக்கிறதா என்று கேளுங்கள்.

2020 ஆகஸ்ட் 10-க்குப் பிறகு, கேமராவில் பார்க்க வேண்டியவற்றின் பட்டியலில் நேரலை என்ற புது வரி சேர்ந்தது. அன்றுதான் சென்னையிலிருந்து சுமார் 2,300 கிலோமீட்டர் நீளக் கடலடி ஃபைபர் வடம் தொடங்கி வைக்கப்பட்டது. ஸ்ரீ விஜயபுரத்தோடு ஸ்வராஜ் தீவு, சிறிய அந்தமான், கார் நிகோபார், கமோர்ட்டா, பெரிய நிகோபார், லாங் தீவு, ரங்கத் ஆகிய இடங்களுக்கும் போகிறது. அதற்கு முன் செயற்கைக்கோளை நம்பியிருந்த இணையத்தில் நேரலையைப் பற்றிப் பேசவே முடியாது. இப்போது மதுரையிலிருக்கும் பாட்டி இங்கே நடக்கும் நிச்சயதார்த்தத்தைப் பார்க்க ஆசைப்படுகிறார், அதற்குத் தனிக் காசும் கிடைக்கிறது. கேமராவிலிருந்து படத்தை வெளியே எடுக்க எச்டிஎம்ஐ எல்லாவற்றிலும் இருக்கும். பத்துப் பதினைந்து மீட்டருக்கு மேல் அந்த வயரை நம்ப முடியாது, யாராவது கால் தட்டினால் கழன்றும் விடும். எஸ்டிஐ வயர் பூட்டிக்கொள்ளும், நூறு மீட்டர் வரை போகும். இசட்90, எக்ஸ்2000, எக்ஸ்ஏ45 போன்றவற்றில் எஸ்டிஐ உண்டு. கேனனின் எக்ஸ்ஏ வரிசையில் மாடல் எண் ஐந்தில் முடிந்தால் எஸ்டிஐ இருக்கிறது என்று பொருள்: எக்ஸ்ஏ40-இல் இல்லை, 45-இல் உண்டு. நேரலை எண்ணம் இருந்தால் இதற்குக் கூடுதலாகக் கொடுப்பது தகும், இல்லாவிட்டால் வேண்டாம்.

இனி, இந்த ஊரில் கேமராவைக் கொல்லும் விஷயம். ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டர் அளவில் மழை பெய்யும் இடம் இது. காற்றில் ஈரம் எப்போதும் கனமாகவே இருக்கும். அந்த ஈரத்தில் லென்ஸின் உள்கண்ணாடியில் பூஞ்சை பிடிக்கும். முதலில் மெல்லிய நூல் போலத் தெரியும், பிறகு படத்தில் எதிர்வெளிச்சம் வந்தாலே மூடுபனி போலப் பரவும். கேம்கார்டரில் லென்ஸைத் தனியாகக் கழற்ற முடியாததால் அதைச் சுத்தம் செய்வது பெரிய செலவு, சில நேரம் கேமரா விலையில் பாதி. பூட்டி வைத்த கேமராவில்தான் முதலில் பூஞ்சை பிடிக்கும். தோல் பையிலும் துணி அலமாரியிலும் வைக்காதீர்கள். மின்சார டிரை கேபினெட் வாங்க முடிந்தால் நல்லது. இல்லையேல் அரிசி டப்பா மாதிரி ரப்பர் விளிம்போடு இறுக மூடும் பிளாஸ்டிக் பெட்டி, அதில் சிலிக்கா ஜெல், உள்ளே ஒரு சின்ன ஈரமானி. ஈரம் 40-இலிருந்து 50 விழுக்காட்டுக்குள் நிற்க வேண்டும். ஜெல் நிறம் மாறியதும் அடுப்பில் வறுத்தெடுத்து மறுபடி போடலாம்.

ஏசி மண்டபத்திலிருந்து வெளியே வந்ததும் லென்ஸ் வியர்ப்பதைப் பலர் பார்த்திருப்பார்கள். துடைத்துப் பயனில்லை, உள்ளேயும் வியர்த்திருக்கும். ஏசி அறையை விட்டு வரும் முன்பே கேமராவைப் பைக்குள் வைத்து மூடி, வெளியே அரை மணி கழித்துத் திறந்தால் இந்தத் தொல்லை வராது. ஊர்வலம் ஆறு மணிக்கு என்றால் ஐந்தரைக்கே பையோடு வெளியே நில்லுங்கள். படகில் எடுத்துவிட்டு வந்த அன்றே, நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் உடம்பைத் துடைத்து உலர்த்திவிட்டுத்தான் சாப்பிடப் போக வேண்டும். நம் விலை வரம்பில் வரும் எந்தக் கேம்கார்டரும் மழைக்குச் செய்யப்பட்டதல்ல. மழை உறை ஒன்று எப்போதும் பையில் இருக்கட்டும்.

பழுது என்று வந்தால் பெரும்பாலும் சென்னை, இல்லாவிட்டால் கொல்கத்தா. கப்பலில் மூன்று நாள் பக்கம், விமானத்தில் இரண்டேகால் மணி. லித்தியம் பேட்டரியோடு கட்டிய பார்சலை விமானக் கூரியரில் ஏற்றுவது சுலபமல்ல, பேட்டரியைக் கழற்றிவிட்டு அனுப்புங்கள். நீங்களே கொண்டுபோவதானால் உபரி பேட்டரிகள் கைப்பையில்தான் வர வேண்டும், செக்-இன் பெட்டியில் கூடாது. ஒரு பேட்டரி 100 வாட்-மணிக்குள் இருந்தால் கேள்வி இல்லை. 100-லிருந்து 160 வரை விமான நிறுவனத்தின் அனுமதியோடு இரண்டு மட்டும். வோல்ட்டை ஆம்பியர்-மணியால் பெருக்கினால் கணக்கு வரும்: 7.2 வோல்ட், 6.3 ஆம்பியர்-மணி சோனி பேட்டரி 45 வாட்-மணிதான். இந்த அலைச்சலை நினைத்தால், உங்கள் ஊரில் ஏற்கெனவே மூன்று ஸ்டூடியோக்களில் இருக்கும் கம்பெனியையே நீங்களும் வாங்குவது புத்திசாலித்தனம். கேமரா சென்னைக்குப் போயிருக்கும் மாதத்தில் அவர்களுடைய பேட்டரியும் சார்ஜரும், சில நேரம் கேமராவுமே, கடன் கிடைக்கும். எந்த விமர்சனப் பக்கத்திலும் இந்த மதிப்பெண் போடமாட்டார்கள்.

இரண்டு லட்சத்தையும் கேமராவில் போடாதீர்கள். மூன்றில் ஒரு பங்கை ஒதுக்கிவிட்டுக் கேமராவைத் தேடுங்கள். ஒதுக்கியதில் ஒரு கன் மைக், ஒரு ஒயர்லெஸ் காலர் மைக், ஃப்ளூயிட் ஹெட் உள்ள ஸ்டாண்டு, இரண்டு கூடுதல் பேட்டரி, நான்கு கார்டு, டிரை பெட்டி வர வேண்டும். மீதிப் பணத்தில் மேடையும் நேரலையும் அதிகம் என்றால் எக்ஸ்2000 வகை. மாலை நேர ஊர்வலமும் கல்யாணமும் அதிகம் என்றால் ஒரு இன்ச் சென்சார் வகை. புது இசட்90 கைக்கு எட்டாவிட்டால் சோனியின் பழைய எச்டி மாடலான எச்எக்ஸ்ஆர்-என்எக்ஸ்100, நல்ல நிலையில் செகண்ட் ஹேண்டில் கிடைத்தால் எடுக்கலாம். ஒரு இன்ச் சென்சார், இரண்டு எக்ஸ்எல்ஆர், இரண்டு கார்டு எல்லாம் அதில் உண்டு. டேப் போடும் பிடி170 போன்றவை எவ்வளவு மலிவாக வந்தாலும் தொடாதீர்கள். எதை வாங்கினாலும் ஜிஎஸ்டி பில்லோடு வாங்குங்கள். 2019 தொடக்கத்திலிருந்து வீடியோ கேமராவுக்கு வரி 28-இலிருந்து 18 விழுக்காடாகக் குறைந்துவிட்டது, “பில் இல்லாமல் குறைத்துத் தருகிறேன்” என்ற பேச்சில் பழைய லாபம் இல்லை. பில் இல்லாவிட்டால் வாரண்டியும் இல்லை.

வாங்கிய பிறகு எங்கே எடுக்கக் கூடாது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். ஜிர்காடாங்கிலிருந்து மிடில் ஸ்ட்ரெயிட் வரை ஜாரவா காப்புக் காட்டைக் கடக்கும் சாலையில் கேமரா பைக்குள்ளேயே இருக்கட்டும். 1956-ஆம் ஆண்டுப் பழங்குடிப் பாதுகாப்பு ஒழுங்குமுறையின் கீழ் ஜாரவாப் பழங்குடியினரைப் படமெடுப்பது சிறைத் தண்டனைக்குரிய குற்றம். 2012 ஜனவரியில் ஜாரவாப் பெண்களை ஆடவைத்து எடுத்த ஒரு வீடியோ வெளியாகி உலகம் முழுக்கத் தலைகுனிவானது. அந்த ஆண்டே சட்டம் மேலும் கடுமையானது. விமான நிலையமும் கடற்படைப் பகுதிகளும் அப்படியே. செல்லுலார் சிறையில் தொழில்முறைப் படப்பிடிப்புக்கும், தீவில் எங்கே டிரோன் பறக்கவிடுவதானாலும், முன் அனுமதி எழுத்தில் வேண்டும்.

சென்னை ரிச்சி தெருவிலோ வேறெங்கோ வாங்கப் போகும்போது உங்கள் மைக்கையும் கார்டையும் கையோடு கொண்டுபோங்கள். கடையிலேயே ஒரு மணி நேரம் நிறுத்தாமல் ஓடவிடுங்கள். செகண்ட் ஹேண்ட் என்றால் லென்ஸுக்குள் டார்ச் அடித்துப் பூஞ்சை பாருங்கள், ஜூமை மெதுவாகவும் வேகமாகவும் இழுத்துப் பாருங்கள், லென்ஸை மூடிப் பதிவு செய்து திரையில் வெள்ளைப் புள்ளி நிற்கிறதா என்று பாருங்கள், இரண்டு எக்ஸ்எல்ஆரையும் மாட்டி ஆட்டிக் கேளுங்கள். கடைக்காரர் சலித்துக்கொண்டால் சலித்துக்கொள்ளட்டும். கப்பலேறிவிட்ட பிறகு அதே கேமராவை மாற்றிக் கேட்க உங்களுக்கு இன்னொரு டிக்கெட் ஆகும்.